சூப்பர் ஆன்டிஜென்: வைரஸ் நம் படையை நம் மீதே ஏவிவிடுமா?

செங்காந்தள் | திருப்பூர் | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

2021 ஜூன் மாதம் என் மகனுக்கு ஏழு வயது. வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து போயிருந்தது. அவனுக்கு இரண்டு நாள் உடம்பு சுட்டது, அவ்வளவுதான். நான்கு வாரம் கழித்து ஒரு காய்ச்சல் வந்தது, எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. கண் சிவந்தது, வயிற்றுவலி, உடம்பெல்லாம் தடிப்பு. முதலில் காட்டிய இடத்தில் குடல்வால் அழற்சி என்று சொல்லி அறுவைச் சிகிச்சைக்கு நேரமே குறித்துவிட்டார்கள். மனம் கேட்காமல் வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே எக்கோ எடுத்துப் பார்த்து, இதயம் சோர்ந்திருக்கிறது, இது எம்.ஐ.எஸ்-சி, கொரோனா வந்து போன பிறகு சில பிள்ளைகளுக்குப் பல உறுப்புகளில் வரும் அழற்சி என்றார்கள். ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. இம்யூனோகுளோபுலின் என்று குப்பி குப்பியாக ஏற்றினார்கள், கூடவே ஸ்டீராய்டு. வளையலை அடகு வைத்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. பிள்ளை பிழைத்தான். இப்போது ஆறாம் வகுப்பு முடித்துவிட்டான், கபடி ஆடுகிறான்.

போன வாரம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. கொரோனா வைரஸில் "சூப்பர் ஆன்டிஜென்" இருக்கிறதாம். ஒருமுறை உள்ளே புகுந்தால் ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியைத் தின்றுகொண்டே இருக்குமாம். தடுப்பூசியிலும் அதேதானாம். "உன் பிள்ளைக்கு வந்ததும் அதுதான்" என்று மாமனார் தனியாக வேறு எனக்கு அனுப்பினார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

---

மூலிகைப்பித்தன் | ஞாயிறு, இரவு 9:40

சகோதரி, பயப்பட வேண்டாம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது நல்லதுதானே? அதற்காகத்தானே கபசுரக் குடிநீரை எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோம். அதிலும் "சூப்பர்" என்றால் இன்னும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்?

---

சளிஇருமல் | குழந்தை மருத்துவம், மதுரை | ஞாயிறு, இரவு 10:55

பணி முடிந்து இப்போதுதான் வந்தேன். மூலிகைப்பித்தன் அண்ணா, அந்தச் சொல்லில் உள்ள "சூப்பர்" பாராட்டு அல்ல. எதிர்ப்பாற்றல் என்பது கூடக் கூட நல்லதாகிற பொருளும் அல்ல. அடுப்பு எரிய வேண்டும், கூரை எரியக் கூடாது. நான் பார்த்த எம்.ஐ.எஸ்-சி குழந்தைகள் யாரும் எதிர்ப்புச் சக்தி குறைந்து வந்தவர்கள் இல்லை.

செங்காந்தள் அக்கா, ரேஷன் கடையை வைத்துச் சொல்கிறேன். நம் உடம்பில் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் உணர்வி இருக்கிறது. எந்தக் கிருமியின் எந்தத் துணுக்குக்கு (அந்தத் துணுக்குதான் ஆன்டிஜென்) அது பதில் சொல்லும் என்பது கைரேகை போல அந்த அணுவுக்கே உரியது. ஒரு சாதாரண கிருமி வந்தால் மற்ற அணுக்கள் அதன் புரதத்தை வெட்டி, ஒரு தட்டில் வைத்துக் காட்டும். கைரேகை பொருந்துகிற அணு மட்டும் விழித்துக்கொள்ளும். பத்தாயிரத்தில் ஒன்று, பல சமயம் அதைவிடக் குறைவு. அந்த ஒன்று பெருகிப் படையாக ஒரு வாரம் ஆகும். முதல்முறை வரும் காய்ச்சல் நாள் கணக்கில் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூப்பர் ஆன்டிஜென் இந்தக் கைரேகையைப் பார்ப்பதே இல்லை. தட்டையும் உணர்வியையும் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து ஒட்டவைத்துவிடுகிறது. உணர்வியின் ஓரத்தில் "வி-பீட்டா" என்று ஒரு பகுதி உண்டு. மனிதர்களிடம் அதில் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள். ரேஷன் அட்டையின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் ஆன்டிஜென் நிறத்தை மட்டும் பார்க்கிறது. பச்சை அட்டைக்காரர் எல்லோரும் ஒரே நொடியில் கடைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? டி அணுக்களில் ஐந்தில் ஒன்றுகூட ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் பொருள்களைக் கொட்டும். இரத்தக் குழாய்கள் கசியும், இரத்த அழுத்தம் சரியும், இதயம் தடுமாறும்.

அதன் பிறகு நடப்பதும் கேடுதான். இப்படி விழித்தெழுந்த அணுக்களில் பல களைத்து மடியும், மிஞ்சுவதில் பல செயலற்றுப் போகும்.

---

நியாயவிலை | திங்கள், காலை 6:20

பதினாறு வருடமாக ரேஷன் கடை விற்பனையாளர். டாக்டர் தம்பி, கைரேகை விழாத பாட்டிகள் எத்தனை பேர் தெரியுமா? அதற்காகவே இப்போது கருவிழிப் பதிவும் வந்துவிட்டது. நிறத்தைப் பார்த்துச் சரக்குப் போட்டால் மறுநாளே எனக்குக் குறிப்பாணை வரும்.

விளையாட்டு இருக்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம். பச்சை அட்டைக்காரர் எல்லோரும் உள்ளே வந்தார்கள் என்றால், கடைசியில் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, இன்று பச்சை மட்டும் ஏன் இவ்வளவு என்று? அப்படி உடம்பிலும் பார்க்க முடியுமா?

---

வடமராட்சி | திங்கள், காலை 7:45

நியாயவிலை அண்ணை, நீங்கள் கேட்டதுதான் இந்தத் துறையின் முழுச் சூட்சுமமும். இரத்தத்தை எடுத்து, வி-பீட்டா குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் எத்தனை வீதம் என்று எண்ணுவார்கள். ஒரு குடும்பம் மட்டும் வீங்கியிருந்து, அந்தக் குடும்பத்துக்குள் கைரேகைகள் பலவிதமாக இருந்தால் சூப்பர் ஆன்டிஜென் மேல் சந்தேகம் விழும். குடும்பம் வீங்கியிருந்தும் உள்ளே ஒன்றிரண்டு கைரேகைகளே திரும்பத் திரும்ப இருந்தால் அது சாதாரண ஆன்டிஜெனின் வேலை.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் புத்தகத்தில் ஆன்டிஜென் "பிறபொருளெதிரியாக்கி". அதற்கு முன்னால் ஒரு "சூப்பர்" சேர்த்துக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். நான் "மிகைத்தூண்டி" என்று சொல்லிக் கொடுக்கிறேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கதை தொடங்கியது அமெரிக்காவின் டென்வர் நகரத்தில். 1978இல் ஜேம்ஸ் டாட் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஏழு பிள்ளைகளின் நோயை விவரித்தார்கள். கடும் காய்ச்சல், தோல் சிவப்பு, இரத்த அழுத்தம் சரிவு. "நச்சு அதிர்ச்சி நோய்" என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் அதே நோய் மாதவிடாய்க் காலத்தில் டம்பன் (உள்ளே வைக்கும் உறிஞ்சுபஞ்சு) பாவித்த பெண்களிடம் பரவலாகத் தென்பட்டது. ரிலை என்ற அதிக உறிஞ்சுதிறன் கொண்ட டம்பனை 1980 செப்டம்பரில் அதன் நிறுவனம் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. குற்றவாளி ஸ்டஃபைலோகொக்கஸ் ஒரியஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நஞ்சு. வளர்ந்தவர்களில் பெரும்பாலானோரிடம் அந்த நஞ்சுக்குப் பிறபொருளெதிரி (ஆன்டிபாடி) ஏற்கனவே இருக்கும். இல்லாதவர்கள்தான் விழுந்தார்கள்.

மிகைத்தூண்டி என்ற பெயரும் அதே டென்வரில்தான் பிறந்தது. 1989இல் பிலிப்பா மராக், ஜான் கேப்லர் தம்பதியின் ஆய்வுக்கூடத்தில். கெட்ட பாலாடையிலும் இறைச்சியிலும் வாந்தியை உண்டாக்கும் ஸ்டஃபைலோகொக்கஸ் நஞ்சு ஒன்று குறிப்பிட்ட வி-பீட்டா குடும்பங்களை மட்டும் எழுப்புகிறது என்று காட்டி அந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

---

பழைய ஆய்வகவாசி | திங்கள், முற்பகல் 11:30

எல்லாம் சரி. ஆனால் இழையின் தலைப்பில் "வைரஸ்" என்று இருக்கிறது. இதுவரை நீங்கள் சொன்னது முழுக்கப் பாக்டீரியா. இந்த இடத்தில்தான் அந்தக் குரல்பதிவுக்காரர் போன்றவர்கள் சந்தடி சாக்கில் ஒன்றை மற்றொன்றாக ஆக்கிவிடுகிறார்கள்.

பாக்டீரிய மிகைத்தூண்டிகளை ஐயமறக் காட்டியாகிவிட்டது. புரதத்தைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கி, எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று அணு அணுவாகப் படம் பிடித்துவிட்டார்கள். வைரஸ்களில் அதே உறுதியோடு சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது மனித வைரஸ் அல்ல. எலியின் பால்சுரப்பிப் புற்று வைரஸ்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்தில் எலிக்கூண்டு கழுவுவதிலிருந்து எல்லா வேலையும் பார்த்தவன் நான். வேலையில் சேர்ந்த முதல் மாதம், டிபிஏ/2 என்ற இன எலியின் இரத்தத்தில் வி-பீட்டா 6 குடும்பத்தை எண்ணச் சொன்னார்கள். சாயம் போட்டு ஓட்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி ஓட்டினேன். இல்லை. சாயத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்து இரவெல்லாம் மூன்றாம் முறையும் செய்தேன். காலையில் வழிகாட்டி வந்து பார்த்துச் சிரித்தார். "அந்த எலியிடம் அது கிடையவே கிடையாது. பக்கத்துக் கூண்டு பால்ப்/சி எலியைப் பார்" என்றார். பார்த்தேன், இருந்தது. புதிதாக வருகிற எல்லோருக்கும் வைக்கிற பரீட்சையாம்.

ஏன் இல்லை என்பது பெரிய கதை. 1973இல் ஹில்லியார்ட் ஃபெஸ்டன்ஸ்டைன் ஒரு விநோதத்தைக் கவனித்தார். திசுப் பொருத்தத்தில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு எலிகளின் வெள்ளணுக்களைக் கலந்தால், சண்டையே வரக்கூடாத இடத்தில் பெரும் சண்டை வருகிறது. காரணம் என்னவென்று தெரியவில்லை. தெரியாததற்கு வைத்த பெயரில் "சிறு" என்ற அடைமொழி வேறு: நிணவணுக்களைத் தூண்டும் சிறு ஆன்டிஜென். பதினெட்டு வருடம் அது புதிராகவே கிடந்தது. 1991இல் பல குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விடையைப் பிடித்தன. அந்தப் புரதம் எலியினுடையதே அல்ல. எப்போதோ எலியின் மரபணுவுக்குள் குடியேறிவிட்ட பால்சுரப்பிப் புற்று வைரஸின் புரதம். டி அணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில் அந்தப் புரதத்தைப் பார்த்து மிதமிஞ்சிக் கொந்தளிக்கும் டி அணுக்களை எலியின் உடம்பு பிறந்த கையோடு களைந்துவிடுகிறது. நான் மூன்று முறை தேடியது அந்தக் களையெடுத்த அணுக்களைத்தான்.

வெளியிலிருந்து தொற்றுகிற வைரஸ் வருவது தாய்ப்பாலில். 1936இலேயே ஜான் பிட்னர், ஜாக்சன் ஆய்வகத்தில், புற்று அதிகம் வரும் இனக் குட்டிகளைப் பிறந்த உடனே பிரித்துப் புற்று குறைந்த இனச் செவிலித்தாயிடம் விட்டுப் பார்த்தார். குட்டிகளுக்குப் புற்று குறைந்தது. பாலில் ஏதோ இருக்கிறது என்றார். அது வைரஸ் என்பது பின்னால் தெரிந்தது.

இப்போது அந்த வைரஸின் நிலையில் நின்று பாருங்கள். குட்டியின் குடலில் இறங்கியாயிற்று. குடல்சுவரில் உள்ள பி அணுக்களில் (எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, செய்யும் வெள்ளணுக்கள்) சிலவற்றுக்குள் நுழைந்தாயிற்று. ஆனால் பிரிந்து பெருகுகிற அணுவில்தான் இந்த வகை வைரஸ் தன் மரபணுவைச் செருகிப் பெருக முடியும். என்ன செய்வது? தொற்றிய பி அணுவின் மேலே மிகைத்தூண்டியை நிறுத்துகிறது. அதைப் பார்த்து டி அணுக்கள் கூட்டமாக ஓடிவருகின்றன. வந்தவை கொல்லவில்லை. பி அணுவுக்கு "பெருகு, பெருகு" என்று ஊட்டம் கொடுக்கின்றன. பி அணு பெருகுகிறது, வைரஸும் கூடவே பெருகுகிறது. பிறகு பால்சுரப்பிக்குப் போய், அந்தக் குட்டி தாயானதும் அடுத்த தலைமுறைப் பாலில் இறங்குகிறது. காவல்காரனைக் கூப்பிட்டு அவன் தோளிலேயே ஏறிச் சுவர் தாண்டுகிற திருடன்.

இதற்குச் சான்று 1992இல் வந்தது. அந்த மிகைத்தூண்டியைப் பிறப்பிலேயே உடம்பில் கொண்ட எலிகளை உருவாக்கினார்கள். உரிய டி அணுக்கள் ஏற்கனவே களையப்பட்டுவிட்டதால் பாலில் வந்த வைரஸால் அவற்றில் காலூன்ற முடியவில்லை.

மனித வைரஸ் எதற்காவது இத்தனை முழுமையான கதையை யாராவது காட்டினால் நானே வந்து மாலை போடுகிறேன்.

---

மூலிகைப்பித்தன் | திங்கள், பிற்பகல் 1:05

ஐயா, படித்து முடித்தேன். கபசுரக் குடிநீர் பற்றி மேலே எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். எலியின் மரபணுவுக்குள் வைரஸ் குடியேறியது என்கிறீர்கள். நம்முடையதில்?

---

வடமராட்சி | திங்கள், மாலை 4:18

நம்முடையதில் தாராளமாக. மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 8 வீதம் இப்படி மரபணுவுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும் பழைய ரெட்ரோ வைரசுகளின் மிச்சம். பெரும்பாலானவை சிதைந்து கிடக்கின்றன. ஆனால் எல்லாம் ஊமை அல்ல.

ஆய்வகவாசி ஐயா, மாலையைத் தயாராக வைத்திருங்கள். எப்ஸ்டைன்-பார் வைரசு என்று ஒன்று. உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதை உடம்பில் சுமக்கிறார்கள். சிறுவயதில் வந்தால் சாதாரண காய்ச்சலோடு போய்விடும். பதின்ம வயதில் வந்தால் தொண்டைப்புண், கழுத்தில் நெறிகட்டி, வாரக்கணக்கில் அசதி. 2001இல் பிரிஜிட் ஹியூபரின் குழு ஒன்றைக் காட்டியது. இந்த வைரசு பி அணுவுக்குள் நுழைந்ததும், நம் முதலாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) உறங்கும் ஹெர்வ்-கே18 என்ற பழைய வைரசின் உறைப்புரதத்தை எழுப்பிவிடுகிறது. அந்தப் புரதம் மிகைத்தூண்டியாக வேலை செய்கிறது. அதாவது எப்ஸ்டைன்-பார் தன் கையால் செய்யவில்லை, வீட்டுக்குள் இருந்த பழைய ஆளை எழுப்பிச் செய்விக்கிறது. எலிக்கதையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள். இங்கேயும் பி அணு, இங்கேயும் ரெட்ரோ வைரசு.

---

பழைய ஆய்வகவாசி | திங்கள், மாலை 6:02

ஒத்துப்போகிறது என்பதால்தான் எனக்குக் கூடுதல் சந்தேகம். ஆசிரியர் ஐயா, தப்பாக நினைக்க வேண்டாம், அந்த ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அந்தக் காய்ச்சல் வந்தவர்களின் இரத்தத்தில் பெருகிய டி அணுக்களை எண்ணிப் பார்த்தபோது, பெரும்பகுதி எப்ஸ்டைன்-பாரின் துணுக்குகளையே குறிபார்க்கும் சில கைரேகைகளின் பெருக்கம் என்று தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. நீங்களே மேலே சொன்னீர்கள், கைரேகை சிலவே என்றால் அது சாதாரண ஆன்டிஜென் என்று. மிகைத்தூண்டி தொடக்கத்தில் ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம். நோயையே அது உண்டாக்கியது என்பது வேறு பேச்சு.

இந்தத் துறையில் ஒரு சுடுகாடே இருக்கிறது. 1991இல் எச்.ஐ.வி. எய்ட்ஸ் நோயாளிகளிடம் சில வி-பீட்டா குடும்பங்கள் காணாமல் போயின என்றார்கள். அடுத்த குழு வேறு குடும்பம் என்றது, இன்னொரு குழு எதுவுமே இல்லை என்றது. 1992இல் ரேபிஸ். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வந்த கட்டுரை. அதன் உட்கருப் புரதம் வி-பீட்டா 8 குடும்பத்தைத் தூண்டுகிறது என்றார்கள். பிறகு அது பெரிதாக வளரவில்லை. 1997இல் முதல்வகை நீரிழிவு. அன்று எங்கள் ஆய்வகத்தில் தேநீர் இடைவேளையில் வேறு பேச்சே இல்லை. நம் மரபணுவுக்குள் உறங்கும் பழைய வைரஸ் ஒன்றின் மிகைத்தூண்டிதான் கணையத்தைத் தாக்குகிறது, மர்மம் தீர்ந்தது என்று கொண்டாடினோம். ஒரே வருடத்தில் பல குழுக்கள் அதே வைரஸை நோயில்லாதவர்களிடமும் அதே அளவு கண்டுபிடித்துவிட்டன. தேநீர் ஆறிப்போனது.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். காலடித்தடம் மாதிரி ஏதோ தென்படுகிறது. ஆளைப் பிடித்துவிட்டோம் என்று தலைப்பு போடுகிறார்கள்.

---

செங்காந்தள் | திங்கள், இரவு 8:30

இத்தனை பேர் எனக்காக எழுதியதற்கு நன்றி. எலிக்கதையை மகனுக்கும் படித்துக் காட்டினேன். "அந்த வைரஸுக்கு மூளை இல்லாமலே இவ்வளவு தெரியுமா" என்று கேட்கிறான்.

ஆனால் எனக்கு வேண்டிய பதில் இன்னும் வரவில்லை ஐயா. என் பிள்ளைக்கு வந்தது என்ன?

---

சளிஇருமல் | திங்கள், இரவு 11:48

அக்கா, நியாயமான கேள்வி. நாங்கள் எலியின் பின்னால் ஓடிவிட்டோம்.

2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டனில் குழந்தை மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை போனது. காவாசாகி நோய் (சிறுபிள்ளைகளின் இரத்தக் குழாய்களில் வரும் அழற்சி) போலவும் நச்சு அதிர்ச்சி போலவும் இரண்டும் கலந்த ஒரு நோயோடு பிள்ளைகள் வருகிறார்கள் என்று. கொரோனா தொற்றி இரண்டிலிருந்து ஆறு வாரம் கழித்து. உங்கள் மகனுக்கு நான்கு வாரம். வயிற்றுவலி இதில் மிகச் சாதாரணம். குடல்வால் என்று தடுமாறியது உங்கள் ஊரில் மட்டும் நடந்தது அல்ல.

நச்சு அதிர்ச்சி போல இருக்கிறது என்றதும் மிகைத்தூண்டியைத் தேடாமல் இருப்பார்களா? அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினரும் லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொரோனாவின் கூர்ப்புரதத்தில் (வைரஸின் மேலே முள் முள்ளாக நிற்கும் ஸ்பைக் புரதம்), நெருங்கிய உறவு வைரஸ்களில் இல்லாத ஒரு சிறு செருகல் உண்டு. அந்தப் பகுதி ஸ்டஃபைலோகாக்கஸின் உணவு நஞ்சில் ஒரு பகுதியை ஒத்திருக்கிறது என்று கணினியில் காட்டினார்கள். உங்கள் மாமனார் அனுப்பிய குரல்பதிவின் மூதாதை இந்தக் கட்டுரையாகத்தான் இருக்க வேண்டும். கட்டுரையில் "இருக்கலாம்" என்று இருந்தது, குரல்பதிவில் "இருக்கிறது" ஆகிவிட்டது.

2021இல் பிள்ளைகளின் இரத்தத்தையே எண்ணினார்கள். இதுதான் நியாயவிலை அண்ணா கேட்ட பதிவேடு. கடுமையான எம்.ஐ.எஸ்-சி வந்த பெரும்பாலான குழந்தைகளிடம் வி-பீட்டா 21.3 என்ற ஒரே குடும்பம் வீங்கியிருந்தது. உள்ளே கைரேகைகள் பலவிதம். காவாசாகி வந்த குழந்தைகளிடம் இல்லை, சாதாரண கொரோனா வந்தவர்களிடமும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில், வெவ்வேறு குழுக்கள் இதையே பார்த்தன. ஆய்வகவாசி ஐயா, உங்கள் சுடுகாட்டில் உள்ள எதற்கும் இவ்வளவு தெளிவான தடம் இருந்ததா?

அக்கா, உங்களுக்கு முக்கியமான வரி இது. அந்த வீக்கம் தற்காலிகமானது. சிகிச்சைக்குப் பிறகு வாரக்கணக்கில் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. "ஆயுள் முழுக்கத் தின்னும்" என்பதற்கு இங்கே எந்த ஆதாரமும் இல்லை.

---

பழைய ஆய்வகவாசி | செவ்வாய், காலை 5:50

இல்லை. இவ்வளவு தெளிவான தடம் இருந்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். வயதானவனுக்கு விடியற்காலையில் தோல்வியை ஒப்புக்கொள்வது எளிது.

ஆனால் ஆள் எங்கே? 2022இல் கூர்ப்புரதத்தையே எடுத்து ஆய்வகத்தில் மனித டி அணுக்களோடு விட்டுப் பார்த்தார்கள். மிகைத்தூண்டி செய்கிற கலகம் எதையும் அது செய்யவில்லை. கணினி ஒற்றுமை கணினியோடு நின்றது. தடம் வி-பீட்டா 21.3. தடத்தை வைத்தவர் கூர்ப்புரதம்தான் என்பது நிரூபணம் ஆகவில்லை.

---

சளிஇருமல் | செவ்வாய், பிற்பகல் 2:40

அதைத்தான் எழுத வந்தேன். அதற்குப் பிறகு கதை இரண்டு முறை திரும்பியிருக்கிறது.

2024இல் அமெரிக்கக் குழு ஒன்று, இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம், உடம்பின் சொந்தப் புரதமான எஸ்.என்.எக்ஸ்-8 என்பதைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டது. கொரோனாவின் உட்கருப் புரதத்தில் ஒரு துண்டு அதன் சாயலில் இருக்கிறது. திருடனின் சாயலில் இருந்ததற்காகப் பக்கத்து வீட்டுக்காரனை அடித்த கதை. இது மிகைத்தூண்டி அல்ல, ஆள்மாறாட்டம்.

2025இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளும் வெளியிட்டது இன்னும் வியப்பு. இந்தக் குழந்தைகளிடம் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் பொருள் மிக அதிகமாக இருந்தது. அது டி அணுக்களின் கையைக் கட்டிப்போடுகிறது. கட்டுப்பாட்டில் உறங்கிக்கொண்டிருந்த வேறொரு வைரஸ் அந்த நேரம் பார்த்து விழித்துக்கொள்கிறது. எந்த வைரஸ் தெரியுமா?

---

வடமராட்சி | செவ்வாய், பிற்பகல் 2:52

எப்ஸ்டைன்-பார்!

---

சளிஇருமல் | செவ்வாய், பிற்பகல் 3:10

அதேதான். வீங்கியிருந்த வி-பீட்டா 21.3 அணுக்கள் எப்ஸ்டைன்-பார் தொற்றிய பி அணுக்களை அடையாளம் காண்கின்றன என்றும் காட்டியிருக்கிறார்கள்.

---

பழைய ஆய்வகவாசி | செவ்வாய், மாலை 5:35

இதை நான் படிக்காமல் விட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டு வருகிறேன்.

போடுவதாகச் சொன்ன மாலையில் பாதியை ஆசிரியருக்கு அனுப்பலாம். பாதிதான். அந்த அணுக்கள் எப்ஸ்டைன்-பார் துணுக்கை முறைப்படி அடையாளம் கண்டு ஓடிவருகின்றனவா, இல்லை பக்கவாட்டில் கட்டி இழுக்கப்பட்டு வருகின்றனவா என்பதுதான் இனிக் கேட்க வேண்டியது. முதலாவது என்றால் மிகைத்தூண்டி என்ற சொல்லுக்கே இந்த நோயில் வேலை இல்லை. 2020இல் கூர்ப்புரதத்தைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள்; ஐந்து வருடம் கழித்து, கொரோனா வேறு ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது மட்டுமே என்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. என் தேநீர்க் கூட்டாளிகள் இருவர் இதைப் பார்க்க இல்லை.

---

நியாயவிலை | செவ்வாய், இரவு 7:15

அப்படியென்றால் குப்பி குப்பியாக ஏற்றிய அந்த மருந்து யாரைப் பிடித்தது? ஆளே தெரியாமல் எப்படிக் குணமானது?

---

சளிஇருமல் | செவ்வாய், இரவு 9:22

நல்ல கேள்வி அண்ணா. இம்யூனோகுளோபுலின் என்பது ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களின் கலவை. அதில் பாக்டீரிய மிகைத்தூண்டிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களும் இருக்கும். அது போக, பொதுவாகவே கொந்தளிப்பைத் தணிக்கும். ஸ்டீராய்டு கலவரத்தில் ஊரடங்கு போடுவது போல. தீ எங்கே தொடங்கியது என்று தெரியாவிட்டாலும் தண்ணீர் ஊற்றலாம். இந்த நோய் வந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு இதயத்தின் இயக்கம் சில வாரங்களில் இயல்புக்குத் திரும்பியது.

---

செங்காந்தள் | செவ்வாய், இரவு 9:50

தடுப்பூசி? அதையும் சொல்லிவிடுங்கள். மாமனார் நாளைக்குக் கேட்பார்.

---

சளிஇருமல் | செவ்வாய், இரவு 10:15

முதலில் தேதியைப் பாருங்கள் அக்கா. உங்கள் மகனுக்கு நோய் வந்தது 2021 ஜூலையில். இந்தியாவில் 12 வயதுப் பிள்ளைகளுக்கே தடுப்பூசி தொடங்கியது 2022 மார்ச்சில். ஏழு வயதுப் பிள்ளைக்கு அன்று ஊசியே கிடையாது. வராத விருந்தாளி மேல் பந்தியில் திருடினான் என்று பழி போடுகிறார்கள்.

இரண்டாவது, தடுப்பூசியால் இந்த நோய் வரும் என்றால் போட்டவர்களிடம் அது கூட வேண்டும். நடந்தது நேர்மாறு. 12 முதல் 18 வயதினர் ஃபைசர் ஊசி இரண்டு தவணை போட்டிருந்தால் எம்.ஐ.எஸ்-சிக்கு எதிராக 91 சதவீதப் பாதுகாப்பு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 ஜனவரியில் வெளியிட்டது. மூன்றாவது, அந்த 2022 மார்ச்சில் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இங்கே போட்ட கோர்பிவேக்ஸில் கூர்ப்புரதத்தின் ஒரு பகுதி மட்டுமே உண்டு. குரல்பதிவுக்காரர் பயமுறுத்துகிற அந்தச் செருகல் அந்தப் பகுதிக்கு வெளியே இருக்கிறது.

---

நெறியாளர் | செவ்வாய், இரவு 10:30

நல்ல உரையாடல். வழக்கமான ஒரு வேண்டுகோள்: தனிப்பட்ட சிகிச்சை முடிவுகளை இங்கே எழுதுவதை வைத்து எடுக்க வேண்டாம். செங்காந்தள் அவர்கள் மகனைப் பார்த்துவரும் இதய மருத்துவரிடம் அடுத்த பரிசோதனையின்போது இந்தச் சந்தேகங்களைக் கேளுங்கள்.

---

மூலிகைப்பித்தன் | புதன், காலை 7:05

"எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்று நான் கடைக்கு வெளியே எழுதி வைத்திருந்த பலகையை இன்று காலை இறக்கிவிட்டேன். பையன் "அப்புறம் என்ன எழுதுவது" என்கிறான். "சளிக்கு நல்லது" என்று எழுதச் சொன்னேன்.

---

செங்காந்தள் | புதன், இரவு 9:05

மருத்துவரிடம் போன மாதமே காட்டியாயிற்று, எக்கோ சரியாக இருக்கிறது என்றார்கள். அடுத்தது ஒரு வருடம் கழித்து.

வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நோய் வந்த தேதியையும் ஊசி வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன், வேறு எதுவும் போடவில்லை. இரண்டு மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமனார் ஒரு நல்லிரவு வணக்கப் படம் போட்டார், ரோஜாப் பூவோடு.

மகன் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறான், அப்படியே போடுகிறேன்: "ஆய்வகவாசி தாத்தா, அந்த டிபிஏ எலிக்கு வி-பீட்டா 6 இல்லையே, அதனால் அதற்கு வேறு காய்ச்சல் ஏதாவது சுலபமாக வருமா?"

---

பழைய ஆய்வகவாசி | வியாழன், காலை 5:40

தம்பி, முப்பது வருடத்துக்கு முன் என் வழிகாட்டியிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அன்று சாயத்தைக் கெடுக்கவில்லை என்ற நிம்மதியில் கேட்காமல் விட்டுவிட்டேன். பதில் நீளம். அம்மாவிடம் சொல்லித் தனி இழை தொடங்கு, அங்கே வருகிறேன்.